அம்மாவின் பெயரை நானே அச்சடித்தேன்

கடந்த ஆவணி மாதம் கிள்ளானில் ஓர் உறவினர் வீட்டுத் திருமணம். பந்தியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், அம்மா அணிந்திருந்த ரவிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டுவிட்டார்.

"ஆன்ட்டி, இது எங்க தச்சீங்க? கை வெட்டு ரொம்ப அழகா இருக்கு."

"நான்தாம்மா தச்சேன். வீட்லயே தைக்கிறேன்."

"நம்பர் குடுங்க ஆன்ட்டி, தீபாவளிக்கு எனக்கும் மூணு தைக்கணும்."

அம்மா கைப்பையைத் திறந்து நேம் கார்டை எடுத்தார். எடுத்தவர் ஒரு நொடி தயங்கினார். பிறகு அட்டையைத் திருப்பி, மலாய்ப் பக்கம் மேலே இருக்கும்படி நீட்டினார்.

கேட்டவரும் தமிழர், கொடுத்தவரும் தமிழர். அட்டையின் ஒரு பக்கம் முழுக்கத் தமிழ். அதை ஏன் அம்மா மறைத்தார் என்பது அந்த மேசையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கத்தில் அம்மாவின் பெயர் உடைந்து கிடந்தது. அதற்கு 'ஓகே' சொன்னவள் நான்.

அம்மா 24 ஆண்டுகள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொழிற்சாலையை மூடியபோது கொஞ்சம் பணமும் ஒரு நன்றிக் கடிதமும் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு மாதம் சும்மா இருந்தார். பிறகு பழைய தையல் இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் போட்டார். முதலில் அக்கம்பக்கத்து ரவிக்கைகள், பிறகு மலாய்க்காரத் தோழிகளின் பாஜு கூரோங். வேலை கூடியதும் எஸ்எஸ்எம்-மில் ஆண்டுக்கு 60 வெள்ளி கட்டி வர்த்தகப் பெயரில் பதிவு செய்தோம். அந்தப் பூரிப்பில்தான், "அம்மாவுக்கு ஒரு நேம் கார்டு அடிப்போம்" என்றேன்.

ஓர் அச்சுக் கடையில் 500 அட்டைகளுக்குச் சொன்னேன். எழுத வேண்டியதை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மாதிரிப் படம் வந்தபோது நான் ஒலிபரப்பு அறையில் இருந்தேன். பாடல் முடிய 40 விநாடி. கைப்பேசியில் ஒரு பார்வை. எண் சரி, நிறம் சரி. கட்டை விரலால் 'ஓகே' போட்டுவிட்டு மைக்கைத் திறந்தேன்.

பெட்டி வீட்டுக்கு வந்தபோதுதான் பார்த்தேன். அம்மாவின் பெயர் 'கோ'வில் தொடங்கும். அந்த இரட்டைக் கொம்பு 'க'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. 'தையல்' என்ற சொல்லில் ஐகாரக் கொம்பு 'த'வைத் தாண்டி 'ய'வோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வானொலியில் 'வாள்த்து' என்று சொல்லும் நேயரைச் சிரித்துக்கொண்டே 'வாழ்த்து' என்று திருத்துகிறவள் நான். என் அம்மாவின் பெயரை 500 முறை தப்பாக அச்சடித்திருந்தேன்.

அம்மா கோபப்படவில்லை. "நம்பர் சரியா இருக்குல்ல, அது போதும்மா" என்றார். போதவில்லை என்பதைத் திருமணப் பந்தியில்தான் புரிந்துகொண்டேன். அன்றிரவே மடிக்கணினியைத் திறந்தேன். இந்த முறை நானே செய்வது என்று முடிவு.

எழுத்து ஏன் உடைகிறது?

ஊடகக் கல்வி படித்தபோது ஃபோட்டோஷாப்பில் சுவரொட்டிகள் செய்திருக்கிறேன். எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் எழுத்து உடைவது ஏன் என்று யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்டதில்லை.

காரணம் எளிமையானது. நாம் 'கோ' என்று தட்டும்போது கணினி முதலில் 'க'வையும் பிறகு ஓகாரக் குறியையும் சேமிக்கிறது. ஆனால் கண்ணுக்குக் காட்டும்போது அந்த ஒரே குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். இந்த வேலை தெரிந்த மென்பொருளில் எழுத்து சரியாக வரும். தெரியாததில், அல்லது தெரிந்தும் அந்த அமைப்பு முடுக்கப்படாமல் இருந்தால், குறிகள் வந்த வரிசையிலேயே பின்னால் போய் நிற்கும். ஃபோட்டோஷாப்பின் சில பதிப்புகளில் பிரிஃபரன்சஸ் பகுதிக்குப் போய், 'டைப்' என்பதில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் ஒழுங்காக நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளருக்கு உடைந்த 'கோ'வும் உடையாத 'கோ'வும் ஒன்றுதான். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. படிக்கத் தெரிந்த நான் பார்த்திருக்க வேண்டும்.

நான் தேர்ந்தெடுத்தது ஜிம்ப். படங்களைத் திருத்தும் இலவச மென்பொருள். 1996-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தமிழ் எழுத்துகளை அது சரியாகவே அடுக்குகிறது. அம்மாவின் பெயரைத் தட்டியதும் கொம்பு முன்னால் வந்து நின்றது. அந்த ஓர் எழுத்துக்காகவே அந்த மென்பொருளோடு தங்கிவிட்டேன்.

எழுத்துருவுக்கும் செலவில்லை. கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரான் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. வணிக அட்டைக்கும் தடையின்றிப் பயன்படுத்தலாம். (கட்டமரான் வேறொன்றுமில்லை, நம் கட்டுமரம்தான்.) ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் வடிவமைத்த எழுத்துருக்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. 1985-ல் முரசு மென்பொருளைத் தொடங்கியவர் அவர்தான். தவிர்க்க வேண்டியவை பாமினி போன்ற பழைய முறை எழுத்துருக்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழ் மறைந்து புரியாத ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள்.

அளவு முக்கியம்

நம் நாட்டில் நேம் கார்டு பெரும்பாலும் 90 மில்லிமீட்டர் அகலம், 54 மில்லிமீட்டர் உயரம். உங்கள் மைகார்டு 85.6க்கு 54. அதாவது உயரம் ஏறக்குறைய அதேதான்; அகலம் சற்றுக் கூடுதல். பணப்பையில் அடங்குமா என்று பார்க்க இதுவே போதும்.

ஜிம்ப்பில் புதிய படம் திறக்கும்போது அலகை மில்லிமீட்டருக்கு மாற்றுங்கள். அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் பகுதியில் ரெசல்யூஷன் என்ற இடத்தில் ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று இருக்கலாம். படங்களுக்கு அது போதும். ஆனால் பொடி எழுத்தின் விளிம்பு கூர்மையாக வர வேண்டுமென்றால் 600 வைப்பது நல்லது.

அட்டையின் பின்னணியில் நிறமோ படமோ விளிம்பு வரை போனால், நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். அச்சகத்தார் இதை 'பிளீட்' என்பார்கள். வெட்டும் கத்தி அரை மில்லிமீட்டர் விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அப்போது படத்தின் அளவு 96க்கு 60 மில்லிமீட்டர். 600 பிக்சல் கணக்கில் 2268க்கு 1417. வெட்டும் கோட்டைக் காட்ட இமேஜ் மெனுவில் 'கைட்ஸ்' என்ற வசதி உண்டு. அந்தக் கோட்டிலிருந்து உள்ளே இன்னும் 4 மில்லிமீட்டருக்கு எந்த எழுத்தையும் வைக்காதீர்கள். நான் வெள்ளைப் பின்னணியே போதும் என்று முடிவு செய்தேன். பிளீட் தொல்லை இல்லை, மையும் மிச்சம்.

தையல் இயந்திரம் சின்னமானது

இணையத்தில் கிடைக்கும் கத்தரிக்கோல் படத்தைப் போட எனக்கு மனமில்லை. வேறொருவர் வரைந்ததை அனுமதியின்றி வணிகத்துக்கு எடுப்பதும் தவறு. அம்மாவின் சிங்கர் இயந்திரத்தைச் சன்னலோரம் வெள்ளைச் சுவர் முன் வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்தேன்.

ஜிம்ப்பில் அந்தப் படத்தைத் திறந்து, கலர்ஸ் மெனுவில் 'திரெஷோல்ட்' என்பதை அழுத்தினேன். இடமும் வலமும் நகர்த்த ஒரு சிறு முக்கோணம் வரும். அதை மெதுவாக நகர்த்த நகர்த்த, சாம்பல் நிறங்கள் எல்லாம் மறைந்து கறுப்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சின. இயந்திரத்தின் வளைவு, சக்கரம், ஊசி மூன்றும் தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தினேன். சுற்றியிருந்த கறுப்புப் புள்ளிகளை வெள்ளைத் தூரிகையால் அழித்தேன். கால் மணி நேரத்தில் அம்மாவுக்கு ஒரு சின்னம் கிடைத்தது. பக்கத்தில் நின்று பார்த்த அம்மா, "நூல் கோக்கலையே" என்றார். ஊசியில் ஒரு மெல்லிய கோடு சேர்த்தேன்.

எதை எழுதுவது, எதை விடுவது?

முதல் அட்டையில் நான் எல்லாவற்றையும் திணித்திருந்தேன்: ரவிக்கை, சுடிதார், பாவாடை தாவணி, பாஜு கூரோங், திரைச்சீலை, வீட்டு முகவரி, ஃபேஸ்புக், மின்னஞ்சல். அம்மாவுக்கு மின்னஞ்சல் பார்க்கும் பழக்கமே இல்லை.

இந்த முறை அம்மாவையே கேட்டேன். "கார்டைப் பாக்குறவங்களுக்கு என்ன தெரியணும்?"

"என் பேரு. நான் என்ன தைப்பேன். எப்படிக் கூப்பிடறது. வேற என்ன?"

அவ்வளவுதான். தமிழ்ப் பக்கத்தில் பெயர், 'ரவிக்கை – பாஜு கூரோங் தையல்' என்று ஒரு வரி, தொலைபேசி எண், தாமான் பெயர், ஊர். மலாய்ப் பக்கத்தில் அதே விவரமும் 'துக்காங் ஜாஹித்' என்ற சொல்லும். வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டு எண்ணையும் சாலைப் பெயரையும் அட்டையில் போட வேண்டியதில்லை. அட்டை யார் யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. அழைத்துப் பேசியவருக்கு முகவரியை அனுப்பினால் போதும்.

தமிழ் எழுத்தை ஆங்கில எழுத்தின் அளவிலேயே வைக்காதீர்கள். நம் எழுத்தில் சுழிகளும் புள்ளிகளும் அதிகம். ஆங்கிலம் 7 புள்ளி அளவில் படிக்க முடிந்தால், தமிழுக்கு 8 அல்லது 9 வேண்டும். அம்மாவின் பெயரை 16-ல் வைத்தேன். அம்மாவின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கண்ணாடி தேடுகிறவர்கள்.

மலாய்ப் பக்கத்தில் ஒரு கியூஆர் குறியும் வைத்தேன். அதைக் கைப்பேசியில் காட்டினால் அம்மாவின் வாட்ஸ்அப் திறக்கும். வாட்ஸ்அப் இணைப்பில் எண்ணை எழுதும்போது முன்னால் இருக்கும் 0-வை எடுத்துவிட்டு நாட்டு எண்ணான 60-ஐச் சேர்க்க வேண்டும். குறியை 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வையுங்கள். சுற்றிலும் கொஞ்சம் வெள்ளை இடம் விடுங்கள். இன்னொரு எச்சரிக்கை: குறி உருவாக்கித் தரும் சில தளங்கள் நம் இணைப்பை நேரடியாகப் பதிக்காமல் தங்கள் தளத்தின் வழியாகச் சுற்றி அனுப்புகின்றன. இலவசக் காலம் முடிந்ததும் அந்தக் குறி வேலை செய்யாது. அட்டை மட்டும் கையில் இருக்கும். 'ஸ்டாட்டிக்' வகைக் குறியா என்று பார்த்து எடுங்கள்.

திரையில் ஒன்று, தாளில் ஒன்று

அம்மா கேட்ட நிறம் அரக்குச் சிவப்பு. திரையில் பட்டுப்புடைவை போல மின்னியது. தாளில் காய்ந்த செங்கல் போல வந்தது. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளைக் கலக்கிறது. ஒளியில் கிடைக்கும் எல்லா நிறமும் மையில் கிடைக்காது. குறிப்பாகக் கிளிப்பச்சை, ஊதா, பளீர் ஆரஞ்சு ஆகியவை மங்கும். திரையை நம்பாமல் ஒரு தாள் அச்சடித்துப் பார்த்துவிட்டு நிறத்தை முடிவு செய்யுங்கள். நான் மூன்று முறை மாற்றினேன்.

பொடி எழுத்துகளுக்கு நிறமே வேண்டாம். நான்கு மைகளும் கலந்து வரும் எழுத்தில் ஒரு மை இம்மி நகர்ந்தாலும் விளிம்பில் பிசிறு தெரியும். தொலைபேசி எண்ணைக் கறுப்பு மையில் மட்டும் அடிக்கச் சொல்லி அச்சகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் அச்சடிக்கலாமா என்று பார்த்தேன். கடையில் வாங்கிய பளபளப்பான ஆர்ட் கார்டை என் இங்க்ஜெட் அச்சுப்பொறியில் செருகினேன். இரண்டு தாள் சிக்கிக்கொண்டது. மூன்றாவது வெளியே வந்தது. அம்மா ஆசையாக எடுத்தார். பெயர் அவர் கட்டை விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அந்த வழுவழுப்பான பூச்சு, இங்க்ஜெட் மையை உறிஞ்சாது. இங்க்ஜெட்டுக்கென்றே விற்கும் மேட் தாள் வாங்க வேண்டும், அல்லது லேசர் இயந்திரம் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

நான் எங்கள் தாமான் ஃபோட்டோஸ்டாட் கடைக்குப் போனேன். 260 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டில் லேசர் அச்சு. ஓர் ஏ4 தாளில், பிளீட் இல்லாத அட்டை என்றால், இரண்டு வரிசையாகப் பத்து அட்டைகள் அடங்கும். பிளீட் வைத்தால் எட்டுதான். பத்தையும் ஒரே பக்கத்தில் அடுக்கி, நான்கு ஓரமும் சமமாக இருக்கும்படி நடுவில் வைத்துக் கோப்பை முடித்தேன். இரு பக்க அச்சில் பின்பக்கம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்வது சகஜம். அதனால் அட்டையைச் சுற்றிக் கட்டம் போடாதீர்கள். நகர்ந்தது உடனே தெரிந்துவிடும்.

கோப்பை எப்படிக் கொண்டுபோவது என்பதும் முக்கியம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு எழுத்து மங்கிவிடும். பிடிஎஃப் ஆக்கி, பென்டிரைவில் கொடுங்கள். இன்னொரு பயமும் இருக்கிறது. கடையில் வேறொரு மென்பொருளில் திறந்து திருத்தப் பார்த்தால் தமிழ் எழுத்து மறுபடியும் உடையலாம். அதற்கும் வழி உண்டு. ஃபோட்டோஷாப் என்றால் எழுத்தை 'கன்வர்ட் டு ஷேப்' கொடுத்து உருவமாக மாற்றிவிடுங்கள். ஜிம்ப் என்றால் எல்லா லேயர்களையும் ஒன்றாக்கிவிடுங்கள். அப்புறம் அது எழுத்து அல்ல, படம். யார் திறந்தாலும் கொம்பு நகராது. திருத்தக்கூடிய மூலக் கோப்பை மட்டும் உங்களிடம் பத்திரமாக வையுங்கள்.

பத்து முதலில், நூறு பிறகு

ஒலிபரப்புக்கு முன் நாங்கள் எழுத்துப் படியை வாய்விட்டுப் படிப்போம். கண் தாண்டிவிடும் பிழையை நாக்கு பிடித்துவிடும். அந்தப் பழக்கத்தை அட்டைக்கும் கொண்டுவந்தேன். முதலில் ஒரே ஒரு தாள், பத்து அட்டைகள். பெயரை எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படித்தேன். அட்டையில் இருந்த எண்ணைப் பார்த்தே அழைத்தேன். சமையலறையில் அம்மாவின் கைப்பேசி ஒலித்தது. கியூஆர் குறியைத் திரையிலிருந்து அல்ல, அச்சான தாளிலிருந்து சோதித்தேன். கடைசியாக, தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் அண்ணன் மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். தடையில்லாமல் பாட்டியின் பெயரைப் படித்தாள். பிறகுதான் நூறு அட்டைகள்.

நூறுக்குள் வேண்டுமென்றால் இப்படிச் செய்வது வசதி. தேவைப்படும்போது தேவையான அளவு அடிக்கலாம். எண் மாறினால் குப்பைக்குப் போவது குறைவு. 500, 1,000 என்று போனால் அச்சகத்தில் கொடுப்பதுதான் மலிவு. அப்போதும் கோப்பை நீங்களே செய்து கொடுங்கள், அல்லது மாதிரியை ஒரு தாளில் அச்சடித்துக் கையில் வாங்கிப் படித்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள். கைப்பேசித் திரையைப் பார்த்து 'ஓகே' போடாதீர்கள். அதிலும் பாடல் முடிய 40 விநாடி இருக்கும்போது வேண்டவே வேண்டாம்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். கூடம் முழுக்கத் துணி. பாஜு கூரோங் வாங்க வந்த மலாய்க்கார மாக்சிக்கு அம்மா புது அட்டையைக் கொடுத்தார், தமிழ்ப் பக்கம் மேலே இருக்க. மாக்சி அந்தப் பெரிய எழுத்துகளைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். அம்மா விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரைப் படித்துக் காட்டினார்.

பழைய அட்டைகள் என்ன ஆயின என்று தேடினேன். தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் நூல் சுற்றியிருந்தது.